தேங்காய்க் கணக்கு

மத்தியானம் ஒன்றேகால் மணி. வயிற்றுக்குள் யாரோ தவில் வாசிக்கிறார்கள். பதினான்கு வருஷமாகச் சாப்பிட்டுக் கொண்டிருக்கும் மெஸ்ஸின் வாசலுக்கு வந்து நிற்கிறீர்கள். கதவில் பூட்டு. அதுவும் சாதாரணப் பூட்டு இல்லை, உள்ளங்கை அகலத்தில் திண்டுக்கல் பூட்டு.

என்ன செய்வீர்கள்?

நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பி.காம். படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். பசித்தவன் செய்கிற காரியம்.

நாகர்கோவில்காரர்களுக்கு மணிமேடை என்று சொன்னால் போதும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1893-ல் கட்டிய மணிக்கூண்டு அது. இந்த ஊரில் எந்த அட்ரஸையும் நாங்கள் அங்கிருந்துதான் ஆரம்பிப்போம். "மணிமேடையில இருந்து வேப்பமூடு போற வழியில..." என்று தொடங்கினால் பாதி ஊரைச் சொல்லி முடித்துவிடலாம். எங்கள் மெஸ்ஸும் அந்தக் கணக்கில்தான் வரும். மணிமேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆட்டோ நுழைந்தால் திரும்பி வர முடியாத ஒரு சந்தில் இருந்தது.

அந்த மெஸ்ஸுக்குப் போர்டு கிடையாது. "ஏன் அண்ணாச்சி போர்டு வைக்கல்ல?" என்று ஒருமுறை கேட்டேன். "சாப்பிட வாறவனுக்கு வழி தெரியும். தெரியாதவன் வந்தா சோறு பத்தாது" என்றார். மார்க்கெட்டிங் பாடத்துக்கு நாங்கள் மூன்று வருஷம் ஃபீஸ் கட்டினோம். யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

நான்கு மேஜை, எட்டு பெஞ்சு. அண்ணாச்சியே அடுப்பில் நிற்பார், அண்ணாச்சியே விளம்புவார் (எங்கள் பக்கம் பரிமாறுவதில்லை, விளம்புவோம்), அண்ணாச்சியே காசும் வாங்குவார். உதவிக்கு ஒரு அக்கா. இலை போட்டதும் உப்பு, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு துவரன், ஒரு அவியலோ எரிசேரியோ. சிவப்புச் சம்பா அரிசிச் சோறு. பருப்பு விட்டு, அதன் மேல் பப்படத்தை நொறுக்கிப் போட்டு ஒரு சுற்று. பிறகு சாம்பார், ரசம், மோர். இதெல்லாம் எல்லா நாளும் உண்டு.

திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும் உள்ளித் தீயல்.

தீயல் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தேங்காயைத் துருவி, வத்தல் மிளகாய், மல்லி, கொஞ்சம் நல்லமிளகு சேர்த்து, சின்னத் தீயில் நிதானமாக வறுக்க வேண்டும். வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும். அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும். அரை நிமிஷம் முந்தினால் அது வெறும் தேங்காய்க் குழம்பு. அரை நிமிஷம் பிந்தினால் கசப்புக் கஷாயம். இறக்கி, எண்ணெய் பிரிகிற மாதிரி மைய அரைத்து, தேங்காய் எண்ணெயில் வதக்கிய சின்ன உள்ளியோடு புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டால் தீயல். வாசனை தெரு முனைக்கு வரும். 1956 நவம்பர் 1-ந்தேதி எங்கள் ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லையைத்தான் மாற்றினார்கள். தேங்காயை யாரும் மாற்றவில்லை.

நான் அங்கே முதன்முதலில் சாப்பிட்டது 2011-ல், டிகிரி முடித்த கையோடு. அப்போது சாப்பாடு 35 ரூபாய். வேலை தேடுகிற பையன் என்று தெரிந்து, அண்ணாச்சி எனக்கு ஒரு பற்று நோட்டு போட்டார். ரோஸ் அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. வேலை கிடைத்தது, வேலை போனது, வேறு வேலை கிடைத்தது, அதையும் நானே விட்டேன். இப்போது வேப்பமூடு பக்கம் ஒரு மாடி ரூமில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மீதி நேரத்தில் உங்களுக்கு எழுதுகிறேன். இத்தனைக்கும் அந்த நோட்டு மாறவில்லை. தீர்ந்தால் அதே ரோஸ் நிறத்தில் இன்னொன்று.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஏ.சி. இல்லாத ஹோட்டலுக்கு 12, ஏ.சி. ஹோட்டலுக்கு 18 சதவீதம் என்றார்கள். நவம்பரில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த ஜூலையில் அண்ணாச்சி கரண்டியோடு என் பெஞ்சுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, எனக்கும் உண்டா இது?"

இலை ஓரத்தில் விரலால் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு எண்பது சாப்பாடு, அப்போது விலை 60, ஆக 4,800. வருஷத்துக்கு 300 நாள் என்றால் 14,40,000. வரம்பு இருபது லட்சம்.

"தப்பிச்சிய அண்ணாச்சி!"

அன்றைக்கு எனக்கு இரண்டாம் கரண்டி தீயல் இலவசம். என் தொழில் வாழ்க்கையில் உடனடியாகக் கைக்கு வந்த ஒரே கன்சல்டேஷன் ஃபீஸ் அதுதான்.

அதே வருஷம் நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து ஜில்லாவின் வாழைத் தோட்டங்களைச் சாய்த்துப் போட்டது. இலை கிடைக்காமல் கொஞ்ச நாள் தட்டில் சாப்பிட்டோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அண்ணாச்சி பார்சல் கட்டித் தந்தார். ஜூன் 8-ந்தேதியிலிருந்து பாதி இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தமிழ்நாட்டில் அனுமதி வந்த அன்றைக்கு, பெஞ்சுக்கு இரண்டு பேர் வீதம் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கழற்றி, முதல் உருண்டைச் சோற்றை வாயில் வைத்தபோது யாரும் பேசவில்லை. மெஸ்ஸா, கோவிலா என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஜி.எஸ்.டி.க்கும் புயலுக்கும் கொரோனாவுக்கும் மூடாத மெஸ் போன வருஷம் ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை மூடிக் கிடந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். பந்திக்குப் பந்தி சாப்பிட்டேன். திங்கட்கிழமை தீயலை நினைத்துக் கொண்டே பஸ் ஏறினேன். வந்து பார்த்தால் பூட்டு. பக்கத்துத் தையற்கடைக்காரர் ஊசியில் நூல் கோத்துக் கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"சனிக்கிழமையோட முடிஞ்சு போச்சு தம்பி. மூட்டு வலி, நிக்க முடியல்லேன்னாரு. மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டுட்டு இருந்தான்லா... போகல்ல, வீட்டுலதான் இருக்காரு. சனிக்கிழமை எல்லாருக்கும் பாயசம் வச்சாரு. உன்னைத்தான் காணல்லேன்னு கேட்டாரு."

பாயசம்! நான் திருநெல்வேலியில் ஜரிகை வேட்டி கட்டிக் கொண்டு போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக் கொண்டிருந்த நேரத்தில் இங்கே பாயசம்!

எங்கள் அக்கவுண்டன்ஸி வகுப்பில் குட்வில் என்று ஒரு பாடம் உண்டு. எல்டன் பிரபு என்று ஓர் ஆங்கிலேய நீதிபதி 1810-ல் அதற்கு விளக்கம் சொன்னார். பழைய வாடிக்கைக்காரர்கள் பழைய இடத்தையே தேடி வருவார்கள் என்கிற வாய்ப்பு, அதற்கு மேல் குட்வில் என்று ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது. வியாபாரம் போய்விட்டது. குட்வில் மட்டும் மத்தியானம் ஒன்றேகாலுக்கு, பசியோடு, பூட்டுக்கு முன்னால் நின்று கொண்டிருக்கிறது.

ஹோட்டல் மூடுவது புதிதா என்று நீங்கள் கேட்கலாம். சென்னையில் 1962-ல் ஆரம்பித்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல் மூடியது. காருக்குள் உட்கார்ந்து காப்பி குடித்த தலைமுறை அழுத அழுகை அந்நாளில் பேப்பர் பேப்பராக வந்தது. அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. பெங்களூர் எம்.ஜி. ரோடு இந்தியா காபி ஹவுஸ் 2009-ல் அந்த இடத்தைக் காலி செய்து சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான், கடைசி நாள் காப்பிக்கு ஊரே திரண்டது. பெரிய ஹோட்டலென்றால் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். நாலு மேஜை மெஸ்ஸுக்கு யார் வருவார்கள்? நானும் தையற்கடைக்காரரும்தான்.

துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். பசி இருக்கிறதே?

ஒரு ஹோட்டலுக்குப் போனேன். 'மினி மீல்ஸ்' என்றார்கள். பெயரில்தான் மினி, விலையில் இல்லை. அடுத்த இடத்தில் ஃப்ரைடு ரைஸ் மட்டும்தான். பிரியாணிக் கடையில் வரிசை ரோட்டுக்கு வந்திருந்தது. ரசவடையாவது தின்போம் என்றால், அந்தக் கடையில் சாயங்காலம்தான் வடை போடுவார்கள். செல்போனில் ஆர்டர் செய்து பார்த்தேன், நாற்பது நிமிஷம் என்றது. அதற்குள் ஆனி மாதச் சாரல் பிடித்துக் கொண்டது. சாரல் என்றால் குற்றாலத்தில் சினிமாக்காரர்கள் நனைகிற சாரல் இல்லை. ஐந்தே நிமிஷத்தில் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிற ரூபாய் நோட்டு ஈரமாகிற சாரல்.

சட்டை மாற்ற வேண்டும். வீடு வடசேரியில். ஸ்கூட்டரை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

கவனியுங்கள், சாப்பிட அல்ல. சட்டை மாற்ற. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்குப் போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா 2022-ல் போனாள். அதன் பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா ராணித்தோட்டம் டிப்போவில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான பேரோடு பேசிய மனுஷன், வீட்டில் என்னோடு பேசியதெல்லாம் ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். நானும் குறைந்தவன் இல்லை. காலையில் இட்லி நான் வைப்பேன். ராத்திரி தோசை, அல்லது கோதுமை உப்புமா. மத்தியானம் நான் மெஸ். அப்பா?

"நான் பாத்துக்கிடுவேன், நீ போ" என்று முதல் வாரம் சொன்னார். சரியென்று போனேன். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. மெஸ்ஸில் தீயல் அம்மா வைத்தது மாதிரியே இருக்கும். முதல் உருண்டையில் கண் கலங்கும், காரம் என்று சொல்லித் துடைத்துக் கொள்வேன். எனக்கு ஒரு மத்தியானம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு என்ன கிடைத்தது என்று யோசிக்கவே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். தொழில் புத்தி, விடாதல்லவா? வீட்டில் இரண்டு தென்னை. தேங்காய்களை அடுக்களை மூலையில் அடுக்கி வைத்திருப்போம். இட்லிக்குச் சட்னி அரைக்க மாசத்துக்குப் பத்துக் காய் ஆகும். கடைசி இரண்டு மாசமாக இருபதைத் தாண்டியது. ஸ்டாக் டேலி ஆகவில்லை. "தேங்கா எங்கப்பா போவுது?" என்று ஒருநாள் கேட்டேன். "எலி" என்றார். உரித்து, உடைத்து, துருவித் தின்கிற எலி!

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் சில நாள் கருகல் வாசனை அடிக்கும். "பக்கத்து வீட்டுல ஏதோ அடிப்பிடிச்சிருக்கு" என்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மஸ்கட்டுக்குப் போய் ஆறு மாசம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஆடிட்டராகாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது பாருங்கள்!

அன்றைக்குக் கேட்டைத் திறக்கும்போதே வாசனை. கருகல் இல்லை. வறுத்த தேங்காய், புளி, உள்ளி...

மெஸ் மூடிய துக்கத்தில் மூக்குக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

உள்ளே போனால், அடுக்களையில் அப்பா. சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் துண்டு, நெற்றியில் வேர்வை. அடுப்பில் தீயல் கொதிக்கிறது. பக்கத்தில் பயறுத் துவரன். திண்ணையில் வைக்கிற மாதிரி வரிசையாக, துடைத்துப் பளபளவென்று, அம்மாவின் நாலடுக்கு டிபன் கேரியர். அப்பா டியூட்டிக்குப் போகிற நாளில் அம்மா கட்டிக் கொடுத்த அதே கேரியர். கீழ் அடுக்கில் சோறு போட்டாயிற்று. மற்ற மூன்றும் காலி.

என்னைப் பார்த்ததும், டிக்கெட் எடுக்காத பிரயாணி செக்கிங் இன்ஸ்பெக்டரைப் பார்த்த மாதிரி ஒரு முழி முழித்தார். வாழ்நாள் முழுக்க எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்!

"நீ எதுக்கு இப்ப வந்த?"

"சட்டை நனைஞ்சு போச்சு... மெஸ்ஸு பூட்டிக் கெடக்குப்பா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அவரு எனக்கு ஒரு மாசம் முன்னாலேயே சொல்லியாச்சு" என்றார், தீயலைக் கிண்டிக் கொண்டே. பிறகு கொஞ்சம் கோபமாக, "ஒண்ணரைக்குள்ள உன் ஆபீசுக்குக் கொண்டு வந்திரணும்னு நெனச்சேன். மொதத் தேங்கா கருகிப் போச்சு. ரெண்டாவது உடைக்க வேண்டியதாப் போச்சு. வண்டி பதினஞ்சு நிமிசம் லேட்டு" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அண்ணாச்சிக்கும் அப்பாவுக்கும் பழைய பழக்கம். அப்பா வண்டியில் அண்ணாச்சி சந்தைக்குக் காய்கறிக் கூடையோடு ஏறுவாராம். கூடைக்கு லக்கேஜ் போடுவதில் ஆரம்பித்த சண்டை, சிநேகமாக முடிந்தது. மெஸ்ஸை மூடப் போகிறேன் என்று அண்ணாச்சி மனசுக்குள் முடிவெடுத்ததும் முதலில் சொன்னது அப்பாவிடம். "உம்ம மகனுக்குத்தான் கஷ்டம், திங்களும் வியாழனும் தவறாம வருவான்" என்றாராம்.

அன்றையிலிருந்து அப்பா தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மெஸ்ஸுக்குப் போயிருக்கிறார். கூட்டம் கலைந்த பிறகு அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாச்சியிடம் பாடம். எவ்வளவு தீ, எவ்வளவு மல்லி, எப்போது இறக்க வேண்டும் எல்லாம். நான் இரண்டு மணிக்கு எழுந்து போன பெஞ்சைத் தாண்டி, மூன்று மணிக்கு அப்பா உள்ளே போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து பிராக்டிகல். கருகியதெல்லாம் தென்னை மூட்டுக்கு உரம். இருபது தேங்காய்க்கும் கணக்குச் சரியாகிவிட்டது.

"ஏம்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"நீ கேக்கல்ல" என்றார்.

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. 'அடுத்த ஸ்டாப்பிங் எது' என்று கேட்டவனுக்குப் பதில் சொல்கிற குரல். அதனால்தான் அதிகமாக வலித்தது.

"போனாவது பண்ணியிருக்கலாம்லா?"

"பண்ணினா நீ வேண்டாம்னு சொல்லுவ."

அதுவும் நிஜம். சொல்லியிருப்பேன்.

'தி லஞ்ச்பாக்ஸ்' என்று 2013-ல் ஓர் இந்திப் படம் வந்தது. மும்பையில் டப்பாவாலாக்கள் உண்டல்லவா, 1890-லிருந்து வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸுக்குச் சுமக்கிறவர்கள், அவர்கள் கையில் ஒரு கேரியர் மாறிப் போய், வேறு ஒருத்தி சமைத்தது ஒரு கணக்கருக்கு வந்து சேரும். அவரும் மனைவியை இழந்தவர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 'நமக்கெல்லாம் இப்படி யார் கேரியர் அனுப்பப் போகிறார்கள்' என்று பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருவன். என் கேரியர் வடசேரியில், அட்ரஸ் மாறாமல், லேட்டாகக் கிளம்பிக் கொண்டிருந்தது.

"கையக் கழுவிட்டு இரி" என்றார் அப்பா.

கொல்லையில் போய் ஒரு இலை அறுத்துக் கொண்டு வந்தேன். அப்பா பார்த்துவிட்டு, "எனக்கு?" என்றார். இன்னொன்று அறுத்தேன்.

இனி சாப்பாட்டு விமர்சனம். நியாயமாக எழுத வேண்டும்.

சோறு ஒரு கொதி கூடுதல். பப்படத்தில் ஒரு பக்கம் அமாவாசை. துவரன் நிஜமாகவே நன்றாக இருந்தது, அம்மா கைப்பக்குவம் எப்படியோ வந்துவிட்டது. தீயலில் உப்பு கம்மி, அடியில் லேசான கசப்பு. மெஸ் தீயல் மாதிரி இல்லை. அம்மா தீயல் மாதிரியும் இல்லை. இரண்டும் சேர்ந்து போன பஸ்ஸின் பின்னாலேயே ஓடி வந்து, படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்ட தீயல்.

மூன்று தடவை சோறு வாங்கினேன்.

"போதுமா, இன்னும் கொஞ்சம் விளம்பட்டா?" என்று அப்பா கேட்டுக் கொண்டே இருந்தார். கரண்டியைப் பிடிக்கிற விதம்கூட அண்ணாச்சி மாதிரி. கடைசியில் இரண்டு மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஜில்லாப் பழம். அதற்கு முன்னும் இதே ருசிதான், சர்ட்டிபிகேட் மட்டும்தான் புதிது.

கை கழுவும்போதுதான் அடுக்களைத் திண்டில் கவிழ்த்து வைத்திருந்த சாமான்கள் கண்ணில் பட்டன. ஒரு சின்னக் கஞ்சிச் சட்டி. ஒரு கும்பா. ஒரு ஸ்பூன். மூன்று வருஷமாகத் தினமும் மத்தியானம் புழங்கித் தேய்ந்தவை. ராத்திரி இட்லிப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவற்றை நான்தான் நகர்த்தி வைத்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

"இத்தன நாளும் மத்தியானம் என்னப்பா சாப்பிட்டிய?"

"கஞ்சிதான். பயறு போட்டு. சில நாள் காலையில உள்ள இட்லி ரெண்டு கெடக்கும்லா..." என்றார். "எனக்கு ஒருத்தனுக்கு என்னத்துக்கு அடுப்பைப் பத்தவச்சுக்கிட்டு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஈரச் சட்டையை மாற்ற மறந்தே போயிருந்தேன். அது என் உடம்பிலேயே காய்ந்திருந்தது.

இப்போது ஏற்பாடு இப்படி. திங்கள், புதன், வெள்ளி அப்பா சமையல். செவ்வாய், வியாழன், சனி நான். ஒன்றேகாலுக்கு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்விடுகிறேன். இரண்டு கடைக்காரர்கள் "மத்தியானம் போன் எடுக்க மாட்டேங்கிய" என்று குறைப்பட்டார்கள். குறைப்படட்டும். தீயலில் அப்பா தேறிவிட்டார். நான் இன்னும் கருக்குகிறேன். என் தேங்காய்க் கணக்கை அப்பா குறித்து வைக்கிறார் என்று சந்தேகம். பேச்சு? முதலில் உப்பு, புளியில் ஆரம்பித்தது. இப்போது அம்மா வரைக்கும் வந்திருக்கிறது. "உங்க அம்ம இதுல ஒரு துண்டு வெல்லம் போடுவா" என்று அப்பா ஒருநாள் சொன்னார். மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'உங்க அம்ம'. நான் எழுந்து போய் வெல்லம் எடுத்து வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியைச் சாப்பிடக் கூப்பிட்டோம். மூட்டுக்குத் தைலம் தடவிக் கொண்டு, கம்பு ஊன்றி வந்தார். பதினான்கு வருஷத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பா விளம்ப, அவர் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொன்னார். "தேங்காய இன்னும் அரை நிமிசம் விட்டிருக்கலாம்." அப்பாவுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

புறப்படும்போது என் பற்று நோட்டை ஞாபகப்படுத்தினேன். இரண்டு சாப்பாடு, தலைக்கு 90, ஆக 180 ரூபாய் பாக்கி. பணத்தை எடுத்து நீட்டினேன். அண்ணாச்சி வாங்கவில்லை.

"இருக்கட்டும் தம்பி. கடன் இருந்தாத்தான் போக்குவரத்து இருக்கும்."

என் புஸ்தகத்தில் இன்றைக்கும் அது அப்படியே நிற்கிறது. எந்த ஆடிட்டர் கேட்டாலும் தள்ளுபடி செய்வதாக இல்லை.

மெஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிற கடை. அதற்குப் போர்டு இருக்கிறது, லைட் போட்ட போர்டு. அந்தச் சந்தைத் தாண்டும்போது கால் தானாக மெதுவாகும். வீட்டில் நல்ல சாப்பாடு கிடைத்துவிட்டது என்பதற்காக அந்த நாலு மேஜை மறந்துவிடுமா? மறக்கவில்லை. எதிர் பெஞ்சில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்து மோர் குடித்த எல்.ஐ.சி. ஏஜென்ட், இலையை மடிக்கும் முன் மணி பார்க்கிற பேங்க் காஷியர், இவர்கள் எல்லாம் இப்போது எங்கே சாப்பிடுகிறார்கள்? பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. கேட்காமல் விடுவது எனக்கு ஒரு வியாதி போலிருக்கிறது.

அதனால், ஆபீஸ் போகிற தம்பிமார்களே, உங்களுக்கும் ஒரு மெஸ் இருக்கும். நன்றாகச் சாப்பிடுங்கள், பற்று பாக்கி கொஞ்சம் வையுங்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், ஷூவைக் கழற்றும் முன்னால், வீட்டில் இருக்கிறவரிடம் "மத்தியானம் என்ன சாப்பிட்டிய?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வர நேரமானால், அடுக்களைத் திண்டைப் பாருங்கள்.

அப்படியே தேங்காயையும் ஒருமுறை எண்ணிவிடுங்கள்.